"இது நிஜக் கலரா?": நெபுலா படங்களுக்குப் பின்னால்

நெபுலா, அதாவது விண்வெளியில் பரந்து கிடக்கும் வாயு-தூசி மேகம். அதைப் படமெடுத்து யாரிடம் காட்டினாலும் பாராட்டுக்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: "இது நிஜக் கலரா, இல்லை கம்ப்யூட்டரில் போட்டதா?" கேட்பவர் ஒரு முறையாவது தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தவராக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடுதலாகவே இருக்கும். அங்கே அவர் பார்த்திருப்பது சாம்பல் நிறத்தில் ஒரு புகைத்திட்டு. கண்ணாடியில் வாய் வைத்து ஊதினால் படியுமே, அந்த மாதிரி. படத்திலோ செக்கச்செவேலென்று ஒரு ரோஜா, நடுவே மயில்கழுத்து நீலம். இரண்டும் ஒரே பொருள் என்று எப்படி நம்புவது?

நானும் பல வருடங்கள் "நிஜம்தான்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். அது பாதிப் பதில். மீதிப் பாதியைச் சொல்ல வேண்டுமென்றால் கண், அணு, கேமரா மூன்றையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கண்ணில் தொடங்கலாம். நம் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். மங்கிய ஒளியில் வேலை செய்பவை கோல் செல்கள். அவற்றுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. விளக்கைப் போடாமல் அலமாரியைத் திறந்தால் சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் ஒன்றுபோலத் தெரிவது இதனால்தான். கோல் செல்களுக்கு 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பச்சை நன்றாகப் பிடிபடும். 656 நானோமீட்டர் சிவப்பு ஏறக்குறைய பிடிபடவே படாது. பெரும்பாலான வாயு நெபுலாக்களின் சிவப்பு வருவதோ சரியாக அந்த 656-இல்.

சரி, இன்னும் பெரிய தொலைநோக்கியாக வைத்துப் பார்த்தால்? பலர் தடுக்கி விழும் இடம் இது. நட்சத்திரம் ஒரு புள்ளி. பெரிய ஆடி அதன் ஒளியை நிறையத் திரட்டி அந்தப் புள்ளியைப் பிரகாசமாக்கிவிடும். நெபுலா அப்படியல்ல, பரந்து கிடக்கும் பொருள். ஆடி கூடுதல் ஒளியைத் திரட்டுகிறது. அதே கையோடு உருவத்தையும் பெரிதாக்கி, திரட்டிய ஒளியை அகலமான பரப்பில் தடவியும் விடுகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஒரு பரப்பை வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிடப் பிரகாசமாக எந்தத் தொலைநோக்கியாலும் கண்ணுக்குக் காட்ட முடியாது. பெரிதாகக் காட்டலாம், அவ்வளவுதான். விண்கலத்தில் ஏறிப் பக்கத்திலேயே போய் நின்றாலும் இதே கதை: பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், ஆனால் மங்கலாகவே நிற்கும். ஓரியன் நெபுலா போன்ற வெகு சிலவற்றில் மட்டும், பெரிய தொலைநோக்கி வழியே லேசான பச்சை தட்டுப்படும். எனக்கு ஒரே ஒரு முறை தட்டுப்பட்டிருக்கிறது. மனப்பிரமையோ என்று பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டேன்.

ஆக, "கண்ணுக்குத் தெரிவதுதான் நிஜம்" என்ற அளவுகோல் இங்கே உதவாது. அந்த அளவுகோல்படி எல்லா நெபுலாவும் சாம்பல்.

அப்படியானால் நிறம் எங்கே இருக்கிறது? 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ், லண்டனில் தன் சொந்த ஆய்வகத்தில் 'பூனைக்கண்' நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். நட்சத்திர ஒளி என்றால் வானவில் போலத் தொடர்ச்சியான பட்டை வர வேண்டும். வந்ததோ சில தனித்த ஒளிக்கோடுகள். அது நட்சத்திரக் குவியல் அல்ல, ஒளிரும் வாயு என்பது அந்தக் கோடுகளிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அவற்றில் முக்கியமான பச்சைக் கோடு பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. புதுத் தனிமம் என்று நினைத்து 'நெபுலியம்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். 1927-இல்தான் ஐரா போவென் முடிச்சை அவிழ்த்தார்: அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன், பழைய ஆக்சிஜனேதான். நம் காற்றில் அந்த நிலையில் இருக்கும் அணு ஒளியை விடுவதற்குள் பக்கத்து அணுவோடு மோதி ஆற்றலைப் பறிகொடுத்துவிடும். நெபுலாவில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில நூறோ சில ஆயிரமோ அணுக்கள்தான். மோத ஆள் இல்லை. நிதானமாகக் காத்திருந்து 500.7 நானோமீட்டரில் தன் ஒளியை விடுகிறது. நெபுலா படமெடுக்கும் எங்கள் வட்டாரத்தில் 'ஓ-த்ரீ' என்று சொல்வது இந்தக் கோட்டைத்தான்.

இதை ஒரு நெபுலாவில் வைத்துப் பார்த்தால் விளங்கும். ரோசெட் நெபுலா, திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கிழக்கே, சுமார் 5000 ஒளியாண்டு தொலைவில். வானத்தில் அதன் அகலம் முழுநிலவைப்போல இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. நடுவில் இளம் நட்சத்திரங்களின் கூட்டம். அவற்றில் மிகச் சூடான சில நட்சத்திரங்கள் கக்கும் புற ஊதாக் கதிர்தான் சுற்றியுள்ள வாயுவை ஒளிர வைக்கிறது. ஹைட்ரஜனின் எலக்ட்ரானை உதிர்க்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். ஆக்சிஜனின் இரண்டாவது எலக்ட்ரானைப் பறிக்க 35 வேண்டும். அவ்வளவு வீரியமுள்ள கதிர் நட்சத்திரங்களுக்கு அருகில்தான் தாராளமாகக் கிடைக்கும். அதனால் ஓ-த்ரீயின் நீலப்பச்சை நடுவிலும், ஹைட்ரஜனின் சிவப்பு வெளிவட்டத்திலும் படிகிறது. கந்தகத்தின் முதல் எலக்ட்ரானுக்கு 10.4 போதும் என்பதால், ஓர் எலக்ட்ரான் இழந்த கந்தகம் கதிரின் வேகம் அடங்கும் விளிம்புகளில் தேங்கி நிற்கும். படத்தில் ரோஜா இதழ் மாதிரி தெரிவது உண்மையில் நட்சத்திரக் கதிரின் வீரியம் எப்படித் தணிந்துகொண்டே போகிறது என்பதற்கான வரைபடம். இதை முதல்முறை புரிந்துகொண்டபோதுதான் நான் 'அழகான படம்' எடுப்பதிலிருந்து கொஞ்சம் விலகி வந்தேன்.

இனி கேமரா. சாதாரண டிஜிட்டல் கேமராவுக்கு இந்த வேலையில் ஒரு பிறவிக் குறை உண்டு. மனித முகம் இயல்பான நிறத்தில் வர வேண்டும் என்பதற்காக, அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு ஃபில்டரை சென்சாருக்கு முன்னால் வைத்திருப்பார்கள். அது 656-இல் வரும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஒளியையும் சேர்த்துத் தின்றுவிடும். பெரும்பாலான கேமராக்களில் கால்வாசிதான் தேறும். அப்புறம், சென்சாரின் பிக்சல்களில் பாதி பச்சைக்கு, கால்பங்கு நீலத்துக்கு, கால்பங்குதான் சிவப்புக்கு. கால்வாசியில் கால்வாசி. இதைச் சரிகட்ட வானியலுக்கென்றே கேனன் 2005-இல் 20டிஏ, 2012-இல் 60டிஏ, நிக்கான் 2015-இல் டி810ஏ என்று தனி கேமராக்களை வெளியிட்டன. கேமராவைத் திறந்து அந்த ஃபில்டரைக் கழற்றி எடுத்துவிடுபவர்களும் உண்டு. அதற்கும் மேலே போகிறவர்கள் குளிரூட்டிய கருப்பு-வெள்ளை வானியல் கேமராவுக்குப் போவார்கள். அதில் எல்லா பிக்சலும் எல்லா ஒளியையும் வாங்கும். நிறத்தை முன்னால் சுழலும் ஃபில்டர்கள் பிரித்துக்கொடுக்கும். வண்ணப்படம் எடுக்க நிறமே தெரியாத கேமரா உசத்தி என்பது கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

ஆனால் பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் கேமரா இல்லை என்பது என் கருத்து. தொலைநோக்கியும் இல்லை. அதைத் தாங்கி நிற்கும் மவுண்ட். வானம் ஒரு வினாடிக்கு 15 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நகர்கிறது, அதாவது இரண்டே நிமிடத்தில் ஒரு நிலா அகலம். 400 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் 3.76 மைக்ரான் பிக்சலும் இருக்கும் என் அமைப்பில், பின்தொடராமல் விட்டால் ஒரு நட்சத்திரம் வினாடிக்கு ஏழெட்டு பிக்சலைத் தாண்டி ஓடிவிடும். எடுக்கப்போவதோ மூன்று நிமிட எக்ஸ்போஷர். மவுண்டின் அச்சு வானத் துருவத்தை நோக்கித் துல்லியமாக நிற்க வேண்டும், மோட்டார் சீராகச் சுழல வேண்டும், அதிலும் பிழை வரும் என்பதால் இன்னொரு சின்னக் கேமரா ஒரு நட்சத்திரத்தை விடாமல் பார்த்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லாரும் பெரிய தொலைநோக்கியை ஆசையாக வாங்கி, அதைச் சின்ன மவுண்டின் தலையில் ஏற்றிவிட்டு, நட்சத்திரமெல்லாம் முட்டை வடிவில் வருகிறதே என்று புலம்புவார்கள். நானும் புலம்பியிருக்கிறேன்.

எல்லாம் சரியாக அமைந்து முதல் மூன்று நிமிடப் படம் திரையில் வரும்போது ஏமாற்றமாக இருக்கும். கருப்பு. கொஞ்சம் நட்சத்திரங்கள். அவ்வளவுதான். திரையின் வெளிச்ச அளவை மென்பொருளில் தற்காலிகமாகக் கூட்டிப் பார்த்தால், மணல் தூவியதுபோன்ற இரைச்சலுக்கு நடுவே ஒரு வளையம் இருப்பதாகத் தோன்றும். இந்தத் தனிப்படத்தை நாங்கள் 'சப்' என்போம். ஒரு சப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஐம்பது, நூறு, இருநூறு என்று எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நெபுலாவின் ஒளி ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் விழுகிறது, இரைச்சலோ ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழுகிறது; அடுக்கிச் சராசரி எடுத்தால் நெபுலா நிற்கும், இரைச்சல் கரையும்.

கரையும் வேகத்தில்தான் கஷ்டம். படத்தின் தரம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் கூடும். ஒரு மணி நேரப் படத்தைவிட இரண்டு மடங்கு சுத்தமான படம் வேண்டுமென்றால் நான்கு மணி நேரம். அதைவிட இரண்டு மடங்கு என்றால் பதினாறு. மேகம், நிலா, மறுநாள் வேலை எல்லாம் சேர்ந்தால் பதினாறு மணி நேரம் என்பது பல வாரம். ஒரே நெபுலாவை ஒரு பருவம் முழுக்க எடுப்பவர்களைப் பார்த்துப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம், அவர்கள் வர்க்கமூலத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

இந்தக் காத்திருப்பு புதிதும் அல்ல. ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் எக்ஸ்போஷர் வைத்து எடுத்ததுதான் முதல் நெபுலா புகைப்படம். மூன்றே வருடத்தில், 1883-இல், ஆன்ட்ரூ காமன் 36 அங்குல ஆடியைக் கொண்டு அதே நெபுலாவை எடுத்தார். கண்ணுக்குப் பிடிபடாத நட்சத்திரங்களும் அதில் பதிந்திருந்தன. டிரேப்பர் மருத்துவம் படித்தவர், காமன் சுகாதாரப் பொறியாளர். இந்தத் துறையைத் தொடங்கி வைத்ததே பொழுதுபோக்காகச் செய்தவர்கள்தான் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

அடுக்குவதற்கு முன் கழிக்க வேண்டியவையும் இருக்கின்றன. மூடியைப் போட்டு அதே வெப்பநிலையில், அதே நேர அளவில் எடுக்கும் 'டார்க்' படங்கள் சென்சாரின் சொந்தக் கோளாறுகளைக் காட்டிக்கொடுக்கும், அவற்றைக் கழித்துவிடலாம். தூசி நிழலையும் ஓரங்களின் இருட்டையும் சரிசெய்ய 'ஃபிளாட்' வேண்டும். விடியற்காலை, வானம் வெளுக்கும் நேரத்தில், தொலைநோக்கி வாயில் ஒரு வெள்ளைத் துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டிவிட்டு இருபது முப்பது படங்கள் எடுப்பேன். திரையில் பார்த்தால் வெறும் சாம்பல் பரப்பு. கான்ட்ராஸ்டைக் கூட்டினால் தூசி ஒவ்வொன்றும் குட்டி வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு வட்டமாகத் தெரியும். தூக்கக் கலக்கத்தில் இதைத் தவிர்த்துவிட்டால் அந்த வடைகள் கடைசிப் படத்தில் நெபுலாவின் மேலேயே மிதக்கும்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு இரவு இதைவிட மோசம். ரோசெட்டை வைத்து எல்லாம் ஓடவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் சப்களை வரிசையாகத் தட்டிப் பார்த்தால் நள்ளிரவு தாண்டியதும் நட்சத்திரங்கள் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊதிக்கொண்டே போயிருந்தன. ஒரு மணிக்கு மேல் வெறும் பால் நிறம். லென்ஸில் பனி படிந்துவிட்டது. லென்ஸைச் சுற்றிக் கட்டும் சூடேற்றிப் பட்டையின் இணைப்பு கழன்று கிடந்தது, மவுண்ட் திரும்பியபோது கேபிள் இழுபட்டிருக்கிறது. ஏறக்குறைய பாதி இரவு குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து கேபிள்களை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

ஒளி மாசைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2001-இல் ஜான் போர்ட்டில் வகுத்த ஒன்பது படி அளவுகோலில், பெருநகர வானம் எட்டு ஒன்பதில் இருக்கும். அங்கே நெபுலா படம் எடுப்பது திருவிழாக் கூட்டத்தில் கிசுகிசுப்பைப் பதிவு செய்வது போல. ஆனால் வாயு நெபுலாக்கள் குறிப்பிட்ட கோடுகளில் மட்டும்தான் ஒளிர்கின்றன என்பதுதான் இங்கே கைகொடுக்கிறது. 656-ஐ ஒட்டி மூன்றோ ஏழோ நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் வழிவிடும் ஃபில்டரைப் போட்டால் தெருவிளக்கின் ஒளியில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும், நெபுலாவின் ஒளி முழுசாக உள்ளே வரும். மொட்டைமாடியிலிருந்தே எடுக்கலாம், நிலா இருக்கும்போதும் ஹைட்ரஜனை எடுக்கலாம். ஓ-த்ரீக்கு அந்தச் சலுகை குறைவு. நிலவொளி 500 நானோமீட்டர் பக்கம் தாராளமாக வழியும்.

எல்லா நெபுலாவுக்கும் இந்தத் தந்திரம் பலிக்காது. கார்த்திகை நட்சத்திரங்களைச் சுற்றி இருக்கும் நீலப் படலம் தானாக ஒளிர்வதில்லை; நட்சத்திரங்களின் ஒளியைத் தூசி சிதறடிப்பதால் வரும் நீலம் அது. 1912-இல் வெஸ்டோ ஸ்லைஃபர் அதன் நிறமாலை பக்கத்து நட்சத்திரத்தின் நிறமாலையைப் போலவே இருப்பதைக் கண்டு இதைச் சொன்னார். அதில் தனிக்கோடுகள் இல்லை, ஃபில்டரால் பயனில்லை. ஊரைவிட்டு இருண்ட இடம் தேடிப் போக வேண்டியதுதான். குதிரைத்தலை போன்ற இருள் நெபுலாக்களோ, பின்னால் ஒளிரும் வாயுவை மறைத்துக்கொண்டு நிழலாகவே தெரிபவை.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். அடுக்கி முடித்த படமும் கருப்பாகத்தான் இருக்கும். நெபுலாவின் தகவல் முழுக்க இருட்டின் அடிமட்டத்தில், வானத்தின் பின்னணி ஒளிக்கு ஒரு மயிரிழை மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மயிரிழையைப் பிடித்து மேலே இழுப்பதைத்தான் 'ஸ்ட்ரெச்' என்கிறோம். இதில் புதிதாக எதையும் வரைவதில்லை, மங்கலாக இருப்பதை மட்டும் அதிகமாகத் தூக்கிக் காட்டுகிறோம். நிறத்தில்தான் வழி பிரிகிறது.

ஒரு வழி, ஹைட்ரஜனைச் சிவப்பிலும் ஓ-த்ரீயை நீலப்பச்சையிலும் வைப்பது. அணு விடும் ஒளிக்கு இது நெருக்கமானது. ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஹைட்ரஜன் 656-இல் மட்டும் ஒளிர்வதில்லை. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 486-இல் நீலமாகவும் வருகிறது. இரண்டையும் கலந்தால் வருவது இளஞ்சிவப்பு. ரத்தச் சிவப்பில் வரும் நெபுலா படங்களில் நிறத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொரு வழி 1995 ஏப்ரல் 1 அன்று ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவெனும் ஹபிள் தொலைநோக்கியால் கழுகு நெபுலாவை எடுத்த படத்தால் பிரபலமானது. 'படைப்பின் தூண்கள்' என்று எல்லார் கண்ணிலும் பதிந்த படம். அதில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். ஹைட்ரஜனைப் போய்ப் பச்சையாக்குவது மோசடி மாதிரி தோன்றலாம். காரணம் இருக்கிறது: கந்தகம் 672-இல் ஒளிர்கிறது, ஹைட்ரஜன் 656-இல். இரண்டும் சிவப்பு. இயல்பு நிறத்தில் வைத்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும், எங்கே எது என்று தெரியாது. வெவ்வேறு நிறம் கொடுத்தால்தான் விளிம்பில் தேங்கிய கந்தகம் தனியாகத் தெரியும். நிலப்படத்தில் மலைக்குப் பழுப்பு, கடலுக்கு நீலம் பூசுவது போலத்தான் இது. மலை பழுப்பா என்று அங்கே யாரும் சண்டைக்கு வருவதில்லை.

அதே சமயம் இந்த வழியில் ஒரு பொதுப் போக்கையும் சொல்லியாக வேண்டும். ஹைட்ரஜன் மற்ற இரண்டையும்விட மிக அதிகம் என்பதால் படம் முதலில் பாசிப்பச்சையாக வரும். பிடிக்காது என்று பச்சையைக் குறைத்துத் தங்கநிறத்துக்குத் தள்ளிவிடுவார்கள், நானும் தள்ளுவேன். அங்கே அறிவியல் காரணம் எதுவும் இல்லை, அழகுதான். இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டால் எனக்குப் பிரச்சினை இல்லை. படத்துக்குக் கீழே எந்த ஃபில்டர், எத்தனை மணி நேரம், எந்த நிறத்துக்கு எந்தத் தனிமம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிலும் என் கோடு இதுதான். இரைச்சலைக் குறைப்பது, நட்சத்திரங்களைத் தற்காலிகமாக நீக்கி நெபுலாவைத் தனியாகப் பதப்படுத்துவது எல்லாம் சரி. சப்பில் இல்லாத இழையைக் கற்பனை செய்து நெய்துவைக்கும் கருவியை மட்டும் தொடுவதில்லை.

ஏனென்றால் சில சமயம் அந்த இழை நிஜமாகவே இருந்துவிடுகிறது. 2004 ஜனவரியில் ஜே மெக்நீல் என்ற பொழுதுபோக்கு வானியலாளர் மூன்று அங்குலத் தொலைநோக்கியால் எம்-78 நெபுலாவின் பக்கத்தை எடுத்தபோது, முந்தைய படங்களில் இல்லாத ஒரு புது நெபுலா தெரிந்தது. இன்று அது அவர் பெயரிலேயே இருக்கிறது. 2022-இல் மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர், யான் செயின்டி மூவரும் ஆன்ட்ரொமிடா விண்மீன் மண்டலத்துக்குப் பக்கத்தில் ஓ-த்ரீயில் ஒளிரும் பெரிய வில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வானத்திலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட பொருள்களில் ஒன்று ஆன்ட்ரொமிடா. அதன் அருகே யாரும் பார்க்காத ஒன்று இருந்ததற்குக் காரணம், அந்த ஒரு கோட்டில் அவ்வளவு நேரம் யாரும் காத்திருக்காததுதான். அவர்களுடைய முழு எக்ஸ்போஷர் நூறு மணி நேரத்துக்கு மேல். கண்டுபிடித்ததும் அவர்கள் செய்த முதல் வேலை, அது ஃபில்டரின் பிரதிபலிப்போ மென்பொருளின் விளையாட்டோ இல்லை என்று வேறு தொலைநோக்கிகளில் எடுத்து உறுதிப்படுத்தியது. அந்த வில் ஆன்ட்ரொமிடாவோடு சேர்ந்ததா, நம் பால்வெளிக்குள்ளேயே இருப்பதா என்று பிறகு விவாதம் எழுந்தது.

என் ரோசெட்டில் இதுவரை ஹைட்ரஜன் ஒன்பது மணி நேரம், ஓ-த்ரீ நான்கு, கந்தகம் மூன்றரை சேர்ந்திருக்கிறது. நடுவில் இருக்கும் நீலம் இன்னும் மணல் மணலாகத்தான் இருக்கிறது. நிலா தேயட்டும் என்று காத்திருக்கிறேன்.